எதிர்ப்பக்கத்து இடது ஓரம்

மெரிக், ஜார்ஜியா
மார்ச் 9, 1997

அன்புள்ள ஆர்லிஸ் அண்ணாவுக்கு,

நெல்டா எழுதுவது. இங்கே நானும் ராய்ஸும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, புல்வெட்டி வண்டியில் ஏறி இறங்க முடிகிறதா என்றெல்லாம் தெரியவில்லை, ஏனென்றால் நீ போனை எடுப்பதில்லை. ஒரு மாதமாக அடித்துப் பார்த்துவிட்டேன். கடிதமென்றால் தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நீ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரியில் நடந்ததைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூட அரங்கில் மேசை மேல் இரண்டு தொப்பிகள் இருந்தன. ஊதா உங்கள் ஊர் ஹாலிஸ்டனுடையது, பச்சை டாலிவருடையது. எந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அந்தக் கல்லூரிக்கு ராய்ஸ் நாலு வருஷம் ஃபுட்பால் ஆடுவான். நீ ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் சபைப் பெண்கள் செய்து கொடுத்த ஊதாக் கேக் மடியில் இருந்தது. அவன் பச்சையை எடுத்தான். எல்லாரும் கைதட்டி முடித்து நான் திரும்பிப் பார்த்தால் உன் நாற்காலியில் கேக் மட்டும் இருக்கிறது. வெட்டி உறைபெட்டியில் வைத்தேன், இன்னும் தீர்ந்தபாடில்லை. தின்றால் நாக்கு ஊதாவாகிவிடுகிறது. நான் வேலை பார்க்கிற இடத்தில் பல் டாக்டரே கேட்டுவிட்டார்.

அவன் அப்பா எங்களை விட்டுப் போன பிறகு, ஆறு வயதிலிருந்து சீசன் சனிக்கிழமைகளில் ராய்ஸ் உன்னோடுதான் இருந்தான். முதலில் உன் தோளில், பிறகு உன் பக்கத்தில். போன வாரம் என்னிடம், "மாமாவுக்கு என் மேல கோவமா, டாலிவர் மேல கோவமா?" என்று கேட்டான். "அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 13 சனிக்கிழமை டாலிவர் உங்கள் ஊருக்கு வந்து ஆடுகிறது. வெளியூர் அணியின் குடும்பத்தாருக்கு வடக்கு மூலையில் இடம் ஒதுக்குவார்களாம். என் பக்கத்தில் உனக்கும் ஓர் இடம் கேட்டு வைக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை
நெல்டா

*

ஹாலிஸ்டன், அலபாமா
மார்ச் 30, 1997

அன்புள்ள நெல்டாவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். முழங்கால் மழை வருமுன் கொஞ்சம் முனகும், மற்றபடி பரவாயில்லை. உனக்கு முதுகு வலி இருந்ததே, தேவலையா?

இந்த வருஷம் புல் சீக்கிரமே எழும்பிவிட்டது. கல்லூரிப் பயிற்சி மைதானத்தை ஒட்டிய சாலையோரத்தில் புல் வெட்டுவது சாலை இலாகாவில் என் பங்காக விழுந்திருக்கிறது. வெளியாட்கள் யாரும் பயிற்சியைப் பார்க்கக் கூடாதென்று மைதானத்தைச் சுற்றி மறைப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். புல்வெட்டி வண்டியின் இருக்கை அந்தத் துணியைவிட உயரம். அவர்கள் அதை யோசிக்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

பார்த்தவரையில் எனக்குத் திருப்தியில்லை. முன்வரிசையில் நின்று எதிரணியை முட்டித் தடுக்கிற கனமான ஆட்கள் இரண்டு பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். அந்த இடத்தில் நிற்கிற பையன்களைக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்தை எறிகிறவனுக்குக் கை நல்ல கை, அவசரம்தான் ஜாஸ்தி. செப்டம்பர் 13-ஐப் பற்றிக் கேட்டிருந்தாய். பகல் ஆட்டம், வெயில் கொளுத்தும். இரண்டாவது வாரத்திலேயே இவ்வளவு பெரிய ஆட்டத்தை வைத்தது யார் புத்தியோ. தோற்றால் வருஷம் முழுக்க அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்.

என் இருக்கை தெற்குப் பக்கம், பழைய கூட்டாளி ஹோய்ட்டுக்கு அடுத்தது. அப்பா உட்கார்ந்த இடம்.

வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு
ஆர்லிஸ்

*

மெரிக்
ஏப்ரல் 20, 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகு தேவலை. கேட்டதற்கு நன்றி. அந்தக் கடிதத்தில் நீ மனிதர்களைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அது.

நான் பக்கம் பக்கமாக ராய்ஸைப் பற்றி எழுதினேன். நீ முன்வரிசையைப் பற்றிப் பதில் போட்டிருக்கிறாய். சின்ன வயதில் அம்மா உன்னைக் கழுவுற மீனில் நழுவுற மீன் என்பாள். இப்போது ஐம்பத்தெட்டு வயது மீன்.

கடிதம் வந்த அன்று அவன் சாப்பாட்டு மேசையில் இருந்தான். "மாமா என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டான். படித்துக் காட்டினேன். அவன் பெயர் வரும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும். முடிந்ததும், "முன்வரிசை நெசமாவே மோசந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனான்.

மே 30 வெள்ளிக்கிழமை மாலை அவனுக்குப் பள்ளிப் பட்டமளிப்பு. அது ஃபுட்பால் சமாச்சாரமே இல்லை. மேசையில் தொப்பியும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத் தொப்பிதான். தாய்மாமன் என்று அவனுக்கு இருப்பது நீ ஒருத்தன். வா.

நெல்டா

*

ஹாலிஸ்டன்
ஜூன் 15, 1997

அன்புள்ள நெல்டாவுக்கு,

நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். மே கடைசியில் இங்கே வேலை நெருக்கடி, ஆள் பற்றாக்குறை. வர முடியவில்லை.

பார்சல் கிடைத்திருக்கும். ஆணி வைத்த ஆட்டக் காலணி. அளவு சரியில்லை என்றால் கடையில் மாற்றிக்கொடுப்பார்கள், ரசீது பெட்டிக்குள் இருக்கிறது. கறுப்பு வாங்கினேன். கறுப்பு எந்த நிறத்தோடும் போகும்.

இந்த வசந்தத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி மார்லன் ஈட்ஸ் என்கிற பையன். பந்து பிடிக்க ஓடுகிறவன். அவன் ஓடுவதைப் பார்த்தால் வேலையை மறந்துவிடுவோம், நான் ஒரு நாள் வண்டியைச் சாலையோர அஞ்சல் பெட்டி ஒன்றின் மேலேயே ஏற்றிவிட்டேன். ஊரில் எல்லாரும் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முடிவெட்டும் கடையில் ஹோய்ட், "டாலிவர்காரனுங்க அவனப் புடிக்க வல போட்டுத்தான் பாக்கணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. அனுப்பினால் வழியில் நசுங்கிவிடும்.

ஆர்லிஸ்

*

மெரிக்
ஆகஸ்டு 14, 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் அவ்வளவு நலமில்லை, தூக்கம் சரியில்லை.

ராய்ஸ் இந்த மாத ஆரம்பத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். காலணி அளவு சரியாக இருந்தது. பெட்டிக்குள் துண்டுச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று அவன் காகிதத்தையெல்லாம் உதறிப் பார்த்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். டாலிவரில் இடது ஓரத்தைக் காக்கிற நாலாம் வருஷப் பையனுக்குத் திங்கட்கிழமை பயிற்சியில் கால் முறிந்துவிட்டது. அந்த இடத்தில் ராய்ஸை நிறுத்தப் போகிறார்களாம். முதல் வருஷப் பையன். பதினெட்டு வயது. இந்த வருஷம் ஓரமாக உட்கார்ந்து கற்றுக்கொள்வான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

எனக்கு ஆட்டம் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று நீ அவனுக்குச் சொன்னது நினைவிருக்கிறது. எதிராளி ஓடினால் கூடவே ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் பார்க்க வேண்டும். பத்து தரம் தடுத்தால் ஒருத்தர் கண்ணிலும் படாது, ஒரு தரம் விட்டால் மைதானமே பார்க்கும். உங்கள் ஊதாக்காரர்கள் அறுபதாயிரம் பேர் நடுவில் அவன் அப்படி நிற்கப் போகிறான். எதிரே உன் மார்லன்.

கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி ஒரு பக்கம் வை. ஃபுட்பால் தெரிந்த ஆளாக ஒரு பதில் சொல். அவனால் முடியுமா?

நெல்டா

*

ஹாலிஸ்டன்
ஆகஸ்டு 17, 1997

அன்புள்ள நெல்டாவுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்றே எழுதுகிறேன். தூங்கு. நீ தூங்காததால் யாரும் வேகமாக ஓடப்போவதில்லை.

கேட்டாய், சொல்கிறேன். உங்கள் இடது ஓரத்தில் முதல் வருஷப் பையன் நிற்கிறான் என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் நாள் முழுக்க அந்தப் பக்கமாகவே எறிவார்கள். அதில் பகை ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். இந்த ஆட்டத்தில் பலவீனமான பலகை எது என்று பார்த்து அதையே மிதிப்பார்கள். அந்தப் பையனுக்குக் கால் நல்ல கால். பதறமாட்டான். ஆனால் மார்லன் போன்றவனை அவன் இதுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சையை எடுத்ததற்காக நான் எழுந்து போகவில்லை. பிடித்த இடத்துக்குப் போகட்டும். அவன் முதலில் ஊதாவின் மேல் கையை வைத்தான். முழுக் கையையும் வைத்தான். நான் பாதி எழுந்துவிட்டேன், கேக்கைக்கூடத் தூக்கிவிட்டேன். அப்புறம் கையை எடுத்துக்கொண்டான். கூட்டம் சிரித்தது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இன்னொன்று. மார்லனிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. தலைக்கவசத்திலிருந்து, பல்லில் அடிபடாமலிருக்கக் கடித்துக்கொள்ளும் ரப்பர்ப் பல்லுறை ஒன்று தொங்குமே, அதை அவன் சாதாரணமாகத் தொங்கவிட்டுத்தான் ஓடுவான். பந்து தனக்கு வராது, அல்லது பக்கத்திலேயே பிடிக்க வேண்டும் என்றால் அது தொங்கும். நெடுந்தூரம் ஓடிப் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் அதை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறான். வசந்தகாலம் முழுக்க வண்டியின் மேலிருந்து பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எங்கள் பயிற்சியாளர்கள் தரையில் நிற்பதால் கவனிக்கவில்லை போலிருக்கிறது. முடிவெட்டும் கடையில் வாயைத் திறக்கவில்லை. ஹோய்ட்டிடமும் சொல்லவில்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கவலைகளோடு கவலையாக எழுதிவிட்டேன்.

ஆர்லிஸ்

*

மெரிக்
ஆகஸ்டு 28, 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு நாள் தூங்கினேன். முழங்கால் எப்படி?

பல்லுறை சமாச்சாரத்தை நீ ஏன் எழுதினாய் என்று உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அன்றைக்கே அவனைப் போனில் பிடித்தேன். மாமா ஒரு விஷயம் எழுதியிருக்கிறார், அந்த மார்லனைப் பற்றி என்று ஆரம்பித்தேன். அவன் நடுவில் நிறுத்தினான்.

"யாருக்கு எழுதியிருக்காரு? எனக்கா, ஒனக்கா?"

"எனக்குத்தான்டா."

"அப்ப அது ஒனக்கு. எனக்குச் சொல்லணும்னா எனக்குச் சொல்லட்டும். ஒன் வழியா எதுவும் வேணாம்மா. கேட்டா நல்லாருக்கும், ஆனா வேணாம்."

எவ்வளவு கெஞ்சினாலும் காதில் வாங்கமாட்டேன் என்றான். பிடிவாதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவனுடைய விடுதி முகவரியைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

தொப்பி விஷயத்தைப் பற்றி: எல்லாப் பையன்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பது. தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றுக்கொண்ட வேடிக்கை. யாரையும் நோகடிக்கச் செய்ததாக இருக்காது. ஆறு மாதம் இதை மென்று முழுங்கிக்கொண்டிருந்தாயா? அன்றைக்கே கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

முகவரி இதோ: ராய்ஸ் ஸ்ட்ரிங்கர், கிழக்கு விடுதி, டாலிவர் பல்கலைக்கழகம். இரண்டு நாளில் போய்ச் சேரும்.

நெல்டா

*

ஹாலிஸ்டன்
செப்டம்பர் 8, 1997

அன்புள்ள நெல்டாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. உங்கள் முதல் ஆட்டத்தை வானொலியில் கேட்டேன். நீ எழுதாமலேயே தெரியும், அந்தப் பையன் பக்கம் பந்தே வரவில்லை. எதிரணி சின்னக் கல்லூரி. அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

எழுத உட்கார்ந்தேன். முகவரியை உறையில் எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. நெல்டா, முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் ஹாலிஸ்டன்காரன். அப்பாவை ஊதாக் கழுத்துப்பட்டையோடு புதைத்தோம். ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எதிரணிப் பையனுக்குக் கடிதம் போட்டு, எங்கள் ஆள் எப்போது தூரமாக ஓடுவான் என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன? அதைச் செய்துவிட்டு ஹோய்ட் பக்கத்தில் எப்படி உட்காருவேன்? உனக்கு எழுதியது கவலை. அவனுக்கு எழுதினால் அது காட்டிக்கொடுப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, உன் கண்ணுக்குத் தெரியாது.

நேற்று ஆராதனை முடிவில் பாஸ்டர் சனிக்கிழமை ஆட்டத்துக்காக ஜெபம் செய்தார். எங்கள் பையன்களின் கைக்குப் பலம் கொடும், எதிராளியின் கால்களைத் தடுமாறச் செய்யும் என்றார். சபையே ஆமென் என்றது. எனக்கு வாய் வரவில்லை. ஹோய்ட்டின் மனைவி திரும்பிப் பார்த்தாள், நான் இருமினேன்.

முன்வரிசையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ எனக்கு இப்போது கவலையில்லை. அறுபதாயிரம் பேர் முன்னால் அவன் ஏமாந்து நிற்பான், என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், நான் அவர்கள் நடுவில் ஊதாச் சட்டையோடு உட்கார்ந்திருப்பேன். அதுதான் பயம். இருதலைக் கொள்ளி எறும்பு என்று வாயால் சொல்வது சுலபம்.

எழுதவில்லை. இனி எழுதவும் மாட்டேன்.

ஆர்லிஸ்

*

மெரிக்
செப்டம்பர் 14, 1997

ஆர்லிஸ் அண்ணா,

நீயும் பார்த்தாய். இருந்தாலும் எங்கள் மூலையிலிருந்து எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

நாலு பகுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி வரை ராய்ஸ் ஒருத்தனையும் விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் தோளைத் தட்டி, "ஒங்க பையனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த நிமிஷம் அந்த மார்லன் வந்து கோட்டில் நின்றான். நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அந்தச் சனியனை எடுத்து வாயில் வைத்தான். எனக்குத் தெரிந்தது. அந்த மூலையில் இருந்த அத்தனை பேரிலும் என் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

பந்து ராய்ஸ் தலைக்கு மேல் போனது. மார்லன் பிடித்துக்கொண்டு கடைசிக் கோடு வரை ஓடினான். ராய்ஸ் பின்னாலேயே ஓடிப் பாய்ந்து விழுந்தான். அப்புறம் உங்கள் ஆட்கள் அவன் சட்டை எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கூவினார்கள். இருபத்துநாலு, இருபத்துநாலு, இங்கே வா என்று. ஆட்டம் முடியும்வரை கூவினார்கள். முடிவு இருபத்துநாலுக்கு இருபது. நாலு புள்ளியில் தோற்றோம், அந்த ஒரு ஓட்டத்துக்கே ஏழு கொடுத்தார்கள். கணக்கு எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பேருந்தில் ஏறும்போது கன்னத்தில் முத்தம் கொடுத்தான்.

நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். பல்லுறையைப் பற்றி வேண்டாம். நல்லா ஆடு என்று ஒரு வரி. அதற்கு எந்தக் கோடும் குறுக்கே நிற்கவில்லை.

நெல்டா

*

ஹாலிஸ்டன்
செப்டம்பர் 14, 1997

அன்புள்ள ராய்ஸுக்கு,

உனக்கு அடிபடவில்லையே? அந்தக் கடைசி நிமிஷ மோதலில் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். ஐஸ் வை, சூடு வைக்காதே.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மார்லன் நெடுந்தூரம் ஓடப் போகிறான் என்றால் மட்டும் பல்லுறையைக் கடிப்பான். எனக்கு இது ஏப்ரலிலிருந்து தெரியும். உன் அம்மாவுக்கு எழுதினேன், உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஹாலிஸ்டனுக்குத் துரோகம் என்று நினைத்தேன்.

நேற்று அவன் அதை வாயில் வைத்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "பின்னால போடா, பின்னால போ" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால் முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. பந்து போய்விட்டது. அப்புறம் எல்லாரும் எழுந்து குதித்தார்கள், நான் உட்கார்ந்தேன். ஹோய்ட் குனிந்து, "யாரச் சொன்ன?" என்று கேட்டான்.

"என் மருமகன. அந்த இருபத்துநாலு எங்க ராய்ஸு" என்றேன்.

அவனுக்கு உன்னை ஆறு வயதிலிருந்து தெரியும், வேகவைத்த கடலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆனால் நீ டாலிவருக்குப் போனதை நான் இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. பின்னாலிருந்த பையன்கள் உன் எண்ணைக் கூவியபோது ஹோய்ட் எழுந்து திரும்பி, "போதும் நிறுத்துங்கடா" என்றான். அவர்கள் நிறுத்தவில்லை. அவன் சொன்னான் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் ஜெயித்தோம். ஊரே வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. நான் ஹாரனில் கையை வைக்கவில்லை. மார்லனின் அந்த ஓட்டத்துக்குப் பிறகும் நீ அதே இடத்தில் போய் நின்றாய். மறுபடியும் எறிந்தார்கள், நீ தட்டிவிட்டாய். மறுபடியும் எறிந்தார்கள், தட்டிவிட்டாய். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நான் சொல்லியிருந்தால் நீ ஐந்தடி பின்னால் நின்றிருப்பாய். அந்த ஏழு புள்ளி என்னுடையது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் மாமா
ஆர்லிஸ்

*

கிழக்கு விடுதி, டாலிவர்
செப்டம்பர் 18, 1997

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். தோளில் வலி குறைந்திருக்கிறது, ஐஸ்தான் வைக்கிறேன். உங்கள் முழங்கால் தேவலையா? கடிதத்தைப் படித்தேன், அறையில் கூட இருக்கிறவன் வெளியே போகும்வரை வைத்திருந்து இன்னொரு தரமும் படித்தேன்.

முதலில் தொப்பி. அம்மா உங்களிடம் ஏதோ வேடிக்கை என்று சொன்னாளாம். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. ஊதாவை எடுக்கத்தான் கை வைத்தேன். ஹாலிஸ்டனில் இரண்டு வருஷம் ஓரத்தில் உட்கார்ந்திரு என்று சொல்லியிருந்தார்கள். கை வைத்த பிறகுதான் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது என்று பட்டது. எல்லாரும் சிரித்ததும் நானும் சிரித்துவிட்டேன். உங்களைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது, பல்லுறை. மாமா, அது எனக்குத் தெரியும். முதல் பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நான் அவனுக்கு மூன்றடி எதிரே நிற்கிறேன், என் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? அந்த ஓட்டத்துக்கு முன்னால் அவன் அதைக் கடித்ததைப் பார்த்தேன். தூரம் போகப் போகிறான் என்று தெரிந்துதான் பின்னால் தள்ளி நின்றேன். நீங்கள் சொல்கிற அதே ஐந்தடி. கால் சறுக்கவில்லை. சரியான நேரத்தில் திரும்பினேன். கண்ணைப் பந்தின் மேல் வைக்காமல் அவன் மேல் வைத்தேன். ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. அவன் என்னைவிட வேகமாக ஓடினான். அவ்வளவுதான்.

அதனால் அந்த ஏழு புள்ளி உங்களுடையது இல்லை. நீங்கள் எழுதியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

இங்கே இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பயிற்சியாளர் கால் வைத்த இடம் தப்பு என்கிறார், படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார், அவருக்கே அதில் தப்பு கிடைக்கவில்லை. கூட ஆடுகிறவர்கள் வெயிலில் களைத்துவிட்டாய் என்று முதுகில் தட்டுகிறார்கள். அம்மாவிடம் ஆரம்பித்தால் அழுகிறாள். தப்பு செய்து தோற்றிருந்தால் அந்தத் தப்பைத் திருத்திக்கொண்டு அடுத்த வாரம் போய் நின்றுவிடுவேன். எல்லாம் தெரிந்தும், எல்லாம் சரியாகச் செய்தும் ஒருத்தன் தாண்டிப் போய்விட்டால், மறுபடி அங்கே போய் நிற்பது எப்படி? தட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இரண்டு தடவையும் பந்து என் பக்கம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் நின்றேன். தொலைவிலிருந்து தெரிந்திருக்காது.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை எங்களுக்கு இங்கே ஆட்டம். அன்றைக்கு ஹாலிஸ்டனுக்கும் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் வாருங்கள். நான் கேட்டதற்கு உங்களிடம் பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகன்
ராய்ஸ்